கீற்றுக் கொட்டகையும் ஒரு எக்ஸ்ரே காமிராவும்

2024 மே மாதம் லடாக்கில் ஹான்லே பக்கம் இரவு வானம் செக்கச் சிவந்து கிடந்த படம் பேப்பரில் வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாகத் துருவங்களுக்குப் பக்கத்தில் மட்டும் தெரிகிற ஒளி, சூரியனில் எழுந்த புயலால் அன்று அவ்வளவு தெற்கே வரை எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி இங்கே ஒரு சின்னப் பதிவு எழுதினேன். போகிற போக்கில், "இந்த ஒளி தோன்றும் இடத்தில் எக்ஸ்ரேயும் கிளம்புகிறது, அதைப் படம் எடுக்கவே செயற்கைக்கோளில் கருவி வைத்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

அந்த ஒரு வரிதான் வினையாயிற்று. மறுநாள் காலை நடையில் நம் பேங்க் நண்பர் வழிமறித்தார். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வட்டிக் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பார்.

"என்ன வாத்தியாரே, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பாங்க, பல்லுக்கு எடுப்பாங்க. காத்துக்குமா எடுப்பாங்க? வேற வேலை இல்லையா? அதுல யாருக்காவது பத்து பைசா பிரயோசனம் உண்டா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு நடந்தேன். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. காரணம் இருக்கிறது. ஏறக்குறைய இதே கேள்வியை, இதைவிட மோசமான குரலில், நானே ஒரு பையனிடம் கேட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. நம் காலத்து ஆட்களுக்கு மறக்க முடியாத நாள். கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழுச் சூரிய கிரகணம் போயிற்று. நம் பக்கம் பாதிக் கிரகணம்தான். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் அப்போது மதுரைப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பத்தாம் வகுப்புக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ். "பையன்களை வெளியே விடாதீங்க, கதவைச் சாத்தி உள்ளேயே வைங்க" என்று தலைமையாசிரியர் உத்தரவு. சாத்துவதற்குக் கதவு இருந்ததே தவிர, கூரை தென்னங்கீற்று. ஆயிரம் ஓட்டை.

நாலு மணி சுமாருக்கு அந்த ஓட்டைகள் வழியாகத் தரையிலும் சுவரிலும் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்தது. நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பிறைகள். பையன்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து போய், நோட்டுப் பேப்பரை ஒரு பிறைக்கு அடியில் பிடித்து, ஸ்கேலால் அளந்தான். பேப்பரை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், மறுபடி அளந்தான். அப்புறம் என்னிடம் கேட்டான்: "சார், கூரையில ஓட்டை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கோணல்மாணலா இருக்கு. கீழ விழுற வெளிச்சம் மட்டும் எப்படி சார் எல்லாமே ஒரே பிறையா இருக்கு?"

எனக்கு விடை தெரியும். ஊசித்துளைக் காமிரா பாடத்தை அந்த வருடமே நடத்தியிருந்தேன். ஆனால் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். "பரீட்சைக்கு வராததெல்லாம் உனக்கு எதுக்குடா? உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ஏதோ ஒரு லேத் பட்டறையில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். லேத் பட்டறை வேலை ஒன்றும் குறைந்ததில்லை. அவன் கேள்விக்கு நான் மூடி போட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற பிறகு, நேரம் கிடைத்ததால் விண்வெளிக் கருவிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். அப்போது போலார் என்ற செயற்கைக்கோளில் இருந்த பிக்ஸி என்னும் எக்ஸ்ரே காமிராவைப் பற்றிப் படித்தேன். பூமியின் காற்றிலிருந்து வரும் எக்ஸ்ரேயைப் படம் எடுக்கிற கருவி. அது என்ன வகைக் காமிரா தெரியுமா? ஊசித்துளைக் காமிரா! என் கீற்றுக் கொட்டகையை அமெரிக்காவும் நார்வேயும் சேர்ந்து விண்ணில் ஏற்றியிருந்தார்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காற்றில் எக்ஸ்ரே எங்கிருந்து வருகிறது?

1895 நவம்பரில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாயில் இன்றும் நடப்பது அடிப்படையில் அதேதான். வேகமாக ஓடிவரும் எலக்ட்ரான்கள் ஒரு உலோகத்தில் மோதித் திடீரென்று வேகம் குறைகின்றன. பிரேக் போட்ட சைக்கிள் ரிம் சூடாகிற மாதிரி, இழந்த வேகத்தில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. மிகச் சிறிய பங்கு மட்டும் எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. துருவப் பகுதிகளின் மேல்வானத்திலும் இதே சங்கதிதான். பூமியைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தில் சிக்கியிருக்கும் எலக்ட்ரான்கள், சூரியப் புயல் நேரங்களில் முடுக்கிவிடப்பட்டுக் கீழே பாய்கின்றன. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மூலக்கூறுகளில் மோதுகின்றன. உலோகத்துக்குப் பதில் காற்று, அவ்வளவுதான். பச்சையும் சிவப்புமாக நாம் பார்ப்பது அதில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. எக்ஸ்ரே, தெரியாத பகுதி.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் செயற்கைக்கோள் ஆட்கள் அல்ல. 1953-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வான் ஆலன் குழு, பலூனில் ராக்கெட்டைக் கட்டி மேலே அனுப்பி, அங்கிருந்து கொளுத்திவிட்டார்கள். துருவ ஒளி தோன்றும் பகுதிக்கு மேலே எதிர்பாராத கதிர்வீச்சு இருப்பது தெரிந்தது. 1957 ஜூலையில், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு தொடங்கிய சமயத்தில், மின்னியாபொலிஸ் நகரத்திலிருந்து விங்க்ளர் குழு விட்ட பலூன், துருவ ஒளி தெரிந்த நேரத்திலேயே எக்ஸ்ரே வெடிப்புகளைப் பதிவு செய்தது.

பலூனில் ஒரு சங்கடம் உண்டு. அது முப்பது, நாற்பது கிலோமீட்டர் உயரம்தான் போகும். எக்ஸ்ரே கிளம்புவது அதற்கும் மேலே. கீழே வருவதற்குள் மெலிந்த எக்ஸ்ரேயைக் காற்றே விழுங்கிவிடும். பலூனுக்கு எட்டுவது கடினமான கதிர்கள் மட்டும். தவிர, பலூன் தன் தலைக்கு நேர் மேலே இருப்பதைத்தான் பார்க்கும். ஊர் முழுக்க எங்கே மழை பெய்கிறது என்று ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? அதனால்தான் மேலே போய், கீழ்நோக்கிப் பார்க்கும் கருவி வேண்டியிருந்தது.

இதைச் செய்வதில் உள்ள கஷ்டங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்து பைசா பிரயோசனத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் கஷ்டம், லென்ஸ் கிடையாது. கண்ணாடி வளைப்பது போல எக்ஸ்ரேயை வளைக்க முடியாது. ஒன்று ஊடுருவிப் போய்விடும், இல்லையென்றால் உறிஞ்சப்பட்டுவிடும். மிகத் தாழ்ந்த கோணத்தில் சறுக்கவிட்டுக் குவிக்கும் கண்ணாடிகள் உண்டு. ஆனால் அவை வானத்தில் சின்ன இடத்தைப் பார்க்கத்தான் லாயக்கு. துருவம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமானால் துளைதான் கதி. கனமான தகட்டில் துளை போட்டால், அந்தப் பக்கம் தலைகீழாக உருவம் விழும். துளை சின்னதாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் வெளிச்சம் போதாது. பெரிதாக்கினால் வெளிச்சம் கிடைக்கும், படம் மங்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பிக்ஸி படத்தில் ஒரு புள்ளி என்பது பல நூறு கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தப் படத்துக்கும் சில நிமிடங்கள் பொறுமையாகக் கதிர்களைச் சேர்க்க வேண்டும். மங்கல்தான், ஆனால் உண்மையான படம்.

இரண்டாவது கஷ்டம், வந்த எக்ஸ்ரேயை எண்ணுவது. பிக்ஸியில் ஃபிலிம் இல்லை. வாயு நிரப்பிய இரண்டு அறைகள், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே மெல்லிய கம்பிகள், அவற்றில் உயர் மின்னழுத்தம். முன் அறையில் ஆர்கான், பின் அறையில் செனான். மெலிந்த எக்ஸ்ரே முன் அறையில் நின்றுவிடும், வலுத்தது பின் அறைக்குப் போகும். இரண்டும் சேர்ந்து சுமார் 2 முதல் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்த்தன. ஒவ்வொரு எக்ஸ்ரே வந்து விழும்போதும் எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளும். வாயு வெளியே போகாமல் தடுக்கிற ஜன்னல், எக்ஸ்ரேயை உள்ளே விடவும் வேண்டும். அதற்குப் பெரிலியம் என்ற லேசான உலோகத்தின் மெல்லிய தகடு. ராக்கெட்டின் குலுக்கலையும் அது தாங்கியாக வேண்டும்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய கஷ்டம். நாம் தேடுவது எலக்ட்ரான் மோதலில் பிறந்த எக்ஸ்ரே. செயற்கைக்கோள் பறக்கும் இடத்திலும் அதே எலக்ட்ரான்கள் மழைபோல் பெய்கின்றன. அவை கருவியின் சுவரில் மோதினால் என்ன ஆகும்? அங்கேயும் எக்ஸ்ரே பிறக்கும்! காமிராவே எக்ஸ்ரே மிஷினாகிவிடும். துருவத்தைப் படம் எடுக்கப் போய், தன் சட்டையைத் தானே படம் எடுத்துக்கொண்டு வரும். இந்த மாதிரிக் கருவிகளைக் கட்டுகிறவர்கள் கையாளும் தந்திரம் அழகானது. வெளிப்பக்கம் லேசான பொருள், உள்பக்கம் கனமான பொருள். லேசான பொருள் எலக்ட்ரானை நிறுத்தும்போது எக்ஸ்ரே குறைவாகத்தான் பிறக்கும், பிறந்த கொஞ்சத்தை உள்ளே இருக்கும் கனமான உலோகம் விழுங்கிவிடும். வரிசையை மாற்றி வைத்தால் காரியம் கெட்டது. வாசலில் காந்தம் வைத்து எலக்ட்ரான்களை ஓரமாகத் தள்ளிவிடுகிற முறையும் உண்டு. எக்ஸ்ரேக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் காந்தத்தைக் கண்டுகொள்ளாமல் நேராக உள்ளே வந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து, ஆற்றல் தெரிந்த கதிரியக்கப் பொருள்களை முன்னால் வைத்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தராசை முதலில் படிக்கல் வைத்துச் சரிபார்க்கிற மாதிரி. குலுக்கிப் பார்த்து, வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி, குளிர வைத்து, மறுபடி பார்க்க வேண்டும். மேலே போனபின் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால்கூட யாரும் ஏணி வைத்து ஏற முடியாது.

கருவியைப் புரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வான் ஆலன் கதையே சாட்சி. 1958 ஜனவரி 31-ல் போன எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளில் இவருடைய கைகர் எண்ணி இருந்தது. உயரம் போகப் போக எண்ணிக்கை கூடவேண்டியது, சில இடங்களில் பூஜ்யமாகிவிட்டது. கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் குழுவில் இருந்த மெக்ல்வெய்ன் என்பவர் அதே மாதிரிக் குழாயைச் சோதனைச்சாலையில் எக்ஸ்ரே மிஷின் முன்னால் வைத்துப் பார்த்தார். கதிர் அளவுக்கு மீறிப் போனால் குழாய் திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டியது. ஆக, மேலே காட்டிய பூஜ்யம் என்பது ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல, தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையம் இப்படித்தான் அகப்பட்டது. வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி இதைப் படித்தபோது யோசித்தேன். பூஜ்யம் என்று நாம் போட்டு வைத்த கணக்கில் எத்தனை கணக்கு தப்போ.

பிக்ஸிக்கு முன்னால் வேறு கருவிகள் உண்டு. 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ஓடம் கொண்டுபோய் விட்ட மேல்வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோளில், ஆக்சிஸ் என்று ஒரு எக்ஸ்ரே படக்கருவி இருந்தது. அந்தச் செயற்கைக்கோளின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அதற்காகப் பயந்திருப்பீர்கள். 2011 செப்டம்பரில் "ஆறு டன் செயற்கைக்கோள் எங்கே விழப்போகிறதோ" என்று டி.வி.யில் நாள் முழுக்க ஓட்டினார்களே, அதேதான். பசிபிக் கடலில் போய் விழுந்தது. நான் ஓய்வு பெற்ற வருடம். விழுவதைப் பற்றி அவ்வளவு பேசிய டி.வி., அது பதினான்கு வருடம் மேலே என்ன பார்த்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓசோன் படலத்தையும் மேல்காற்றின் வேதியியலையும் ஆராய அனுப்பிய செயற்கைக்கோள் அது. அதில் எக்ஸ்ரே கருவிக்கு என்ன வேலை? மேலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. அவை கீழிறங்கினால் ஓசோனைத் தின்னும். மனிதன் விட்ட வாயு எவ்வளவு தின்றது, இயற்கை எவ்வளவு தின்றது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், மேலிருந்து எவ்வளவு ஆற்றல் கொட்டுகிறது என்று தெரிய வேண்டும். பேங்க் நண்பருக்குப் புரியும் பாஷையில் சொன்னால், வரவு தெரியாமல் செலவுக் கணக்கை எழுத முடியாது.

அதற்கும் முன்னால் 1979 பிப்ரவரி 24-ல் பி78-1 என்ற செயற்கைக்கோள் போனது. துருவ எக்ஸ்ரேயை அதிலிருந்த கருவிகளும் பார்த்தன. 1985 செப்டம்பர் 13 அன்று, அதில் சில கருவிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தபோதே, அமெரிக்க விமானப்படை ஒரு போர் விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு அதை நொறுக்கியது. செயற்கைக்கோளை அடிக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை. பயிர் நிற்கிற வயலில் மாட்டை விட்டு ஓட்டிப் பழக்கின மாதிரி. பிரயோசனத்தைப் பற்றிக் கேட்கிற நாம், இந்த மாதிரி இடத்தில் மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

போலார் செயற்கைக்கோள் போனது 1996 பிப்ரவரி 24. பதினேழு வருடம் கழித்து அதே தேதி. பூமியின் ஆரத்தைப்போல் ஒன்பது மடங்கு தூரம் வரை போய்வரும் நீள்வட்டப் பாதை. அங்கிருந்து வடதுருவம் முழுவதையும் மணிக்கணக்கில் பார்க்கலாம். அதில் மூன்று காமிராக்கள்: ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு, ஒன்று புற ஊதாக் கதிருக்கு, மூன்றாவது பிக்ஸி. கலிபோர்னியாவின் லாக்ஹீட் ஆய்வுக்கூடத்தார் முன்னின்று கட்டினார்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தாருக்கும் அதில் பங்குண்டு.

ஏன் மூன்று காமிரா என்று கேட்கலாம். இதற்கு ஒரு பதில் கிடைத்தது, அதைச் சொன்னால் போதும். காந்தப் புயல் நேரத்தில் நடுஇரவுப் பக்கம் ஒளி வெடித்துக் கிளம்பும். அதைப் புற ஊதாக் காமிராவும் பார்த்தது, பிக்ஸியும் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, விடியற்காலைப் பக்கத்தில் இன்னொரு உச்சத்தைப் பிக்ஸி காட்டியது. புற ஊதாக் காமிராவில் அது அப்படித் தெரியவே இல்லை. நடுஇரவில் உள்ளே கொட்டப்பட்ட வேகமான எலக்ட்ரான்கள், காந்தப் புலத்தில் சுழன்றுகொண்டே கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியற்காலைப் பக்கம் போய்க் கீழே விழுகின்றன. வேகம் அதிகம் உள்ளவை என்பதால் காற்றில் இன்னும் ஆழமாக இறங்கும். அழகான கலர் படத்தை மட்டும் நம்பியிருந்தால், காற்றுக்குள் ஆழமாகப் பாய்கிற அந்தப் பங்கு கணக்கிலேயே வந்திருக்காது. மங்கலான ஊசித்துளைப் படம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

"சரி, எல்லாம் துருவத்துக் கதை, நமக்கென்ன" என்று நண்பர் அடுத்துக் கேட்பார் என்று தெரியும். நமக்கும் உண்டு. 1991-ல் போன காம்ப்டன் ஆய்வுக்கூடம் தூரத்து விண்மீன்களின் காமாக் கதிரைப் பார்க்கப் போனது. கீழே இருக்கும் இடிமேகங்களிலிருந்தும் காமாக் கதிர் மின்னுவதைத் தற்செயலாகப் பிடித்தது. 1994-ல் அது வெளியானது. துருவத்தில் காந்தப் புலம் செய்கிற வேலையை இங்கே இடிமேகத்தின் மின்புலம் செய்கிறது. எலக்ட்ரானை முடுக்கிக் காற்றில் மோத விடுகிறது.

அந்த மேக மின்னழுத்தம் எவ்வளவு இருக்கும்? அதை நம் ஊட்டியில் அளந்தார்கள். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் கருவி இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாக அந்தக் கருவியை வைத்துக் கணக்கிட்டு, 2019-ல் வெளியிட்டார்கள். நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். பொட்டானிக்கல் கார்டனும் போட் ஹவுஸும் பார்த்துவிட்டு வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புகிற ஊரில் இப்படி ஒரு வேலை நடக்கிறது. எத்தனை பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பையன்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இடிமேகக் கதிரைப் படம் எடுக்கவும் கருவி போய்விட்டது. 2018 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய ஏசிம் என்ற கருவித் தொகுதி. டென்மார்க் தலைமை. எக்ஸ்ரே, காமாக் கதிர் பகுதி அதே பெர்கன்காரர்கள் கட்டியது. இதில் ஒரு துளை இல்லை, ஓட்டையும் அடைப்புமாகப் பல துளைகள் உள்ள தகடு. ஒவ்வொரு துளையும் ஒரு நிழலுருவத்தைப் போடும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பி விழும். துளைகளின் அமைப்பு முன்கூட்டியே தெரியும் என்பதால், எந்தத் திசையிலிருந்து கதிர் வந்திருந்தால் இந்தக் குழப்பம் விழும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஒரு துளையின் தெளிவும் வேண்டும், பல துளையின் வெளிச்சமும் வேண்டும் என்பதற்குக் கண்டுபிடித்த வழி. நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் இதே முறையில் ஒரு கருவி உண்டு, ஆனால் அது வானத்தைப் பார்ப்பது. 2018 அக்டோபரில் இந்தோனேசியா பக்கம் ஒரு மின்னலோடு கிளம்பிய காமா ஒளிர்வை ஏசிம் பிடித்தது. எங்கிருந்து வந்தது என்று இடத்தோடு காட்டியது.

ஆயிரம் ஓட்டைக் கீற்றுக் கூரை! 1980-ல் அந்தப் பையன் பேப்பரும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு நின்றது இந்த வித்தையின் வாசலில்தான். நான்தான் "உக்காரு" என்றேன்.

இனி என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் திட்டலாம்.

நம் ஊரில் விஞ்ஞானம் என்றால் புத்தகம், சூத்திரம், மார்க். கருவி செய்வது அதற்கு ஒரு படி கீழே, மெக்கானிக் வேலை என்று ஒரு எண்ணம். இது தப்பு. மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் சூத்திரம் பழையது. ரான்ட்ஜென் காலத்திலேயே அடிப்படை தெரியும். புதிதாக வேண்டியிருந்தது துளை எவ்வளவு பெரிது, எந்த உலோகம் வெளியே, எந்த உலோகம் உள்ளே, வாயு கசியாமல் எப்படி ஒட்டுவது என்பதுதான். அதைச் சொல்ல லேத் பட்டறைக் கையும் வேண்டும், இயற்பியல் தலையும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் இன்னும் நல்லது. நம் பள்ளிக்கூடம் இரண்டையும் சின்ன வயதிலேயே வெட்டிப் பிரித்துவிடுகிறது.

எங்கள் பள்ளி லேப் பீரோவுக்கு இரண்டு பூட்டு இருந்தது. கண்ணாடிப் பட்டகம் உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் யார் கையெழுத்துப் போடுவது என்ற பயத்தில், பல வருடம் அதை வெளியிலேயே எடுக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் துடைத்து வைப்போம். பையன்கள் போன வருட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து "சராசரி மதிப்பு" வரை அப்படியே எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். செய்யாத சோதனைக்கு வந்த விடையில் பிழையே இருக்காது. அளந்து பார்த்த ஒருவனைத்தான் உட்காரச் சொன்னேன்.

பணம் இல்லை, வசதி இல்லை என்று சொல்வார்கள். நானும் முப்பது வருடம் சொன்னேன். ஊசித்துளைக் காமிராவுக்கு என்ன வசதி வேண்டும்? காலணி அட்டைப்பெட்டி, ஒரு ஊசி, எண்ணெய் தடவிய பேப்பர். செய்ய விடுகிற மனசு இருந்தால் போதும்.

2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல்லுக்கு மேலேயே போனது. இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. பேரப்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி, மேலே பார்க்கக்கூடாது, கீழே மட்டும் பார்க்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வேப்பமரத்தடி சிமெண்டுத் தரையைக் காட்டினேன். இலைகளின் இடுக்கு வழியாக வளையம் வளையமாக விழுந்தது. சமையலறையிலிருந்து சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்து பிடித்தாள் பேத்தி. தரை முழுக்க வரிசையாக வளையல் அடுக்கின மாதிரி. பிறகு அவள் கேட்டாள்: "தாத்தா, சல்லடை ஓட்டை சதுரமா இருக்கு. வெளிச்சம் ஏன் வளையமா விழுது?"

உட்காரச் சொல்லவில்லை. அட்டையில் முக்கோணமாக ஒரு ஓட்டை, சதுரமாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்து, பக்கத்திலும் தூரத்திலும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். தரையை ஒட்டிப் பிடித்தால் ஓட்டையின் உருவம். தூக்கத் தூக்க ஓட்டையின் உருவம் மறைந்து, சூரியனின் உருவம் வந்தது. துளை சின்னது, தூரம் போதுமானது என்றால், விழுவது துளையின் வடிவம் அல்ல, ஒளி கிளம்பிய இடத்தின் வடிவம். அந்தப் பையன் பேப்பரை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் பார்த்தது இதைத்தான். இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் தானே கண்டுபிடித்திருப்பான்.

பேங்க் நண்பருக்கு என் பதில்: ஓசோன் கணக்கு, செயற்கைக்கோள்களைப் பாழாக்கும் எலக்ட்ரான்களைப் பற்றிய அறிவு, ரேடியோத் தொடர்பு கெடும் நேரங்கள், இடிமேகத்துக்குள் நடப்பது, இதெல்லாம் பிரயோசனம்தான். வட்டி மெதுவாக வரும், ஆனால் வரும். அதைவிட, கண்ணுக்குத் தெரியாததை நேர்மையாக அளக்கத் தெரிந்த நாலு பேர் ஒரு ஊரில் இருப்பது பெரிய டெபாசிட். அதில் நாம் போடுவது குறைவு என்பதுதான் என் வருத்தம்.

இதை வாசிக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், லேப் அசிஸ்டென்டுகள், பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். லீவு நாளில் தெருப்பிள்ளைகள் நாலு பேருக்கு ஏதாவது ஒரு கருவி செய்யக் கற்றுக்கொடுங்கள். உடைந்தால் உடையட்டும். கையெழுத்துப் போட நமக்கு இப்போது ரெஜிஸ்டர் எதுவும் கிடையாது.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபது நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறானோ தெரியாது. பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு என்ன அளவு வந்தது என்றும் கேட்பேன்.